பிடித்தம் சரி, பணம் எங்கே?

குடவாசல் வட்டாரத்தில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. அதை நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை. குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை. அரசிதழிலும் வரவில்லை. அரவை மில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வாயில் பிறந்து, வெற்றிலைச் சாறோடு வெளியே வந்து, அந்த நிமிடமே நடைமுறைக்கு வந்துவிட்டது. மொத்தம் ஒரே வரி: "அம்பத்தெட்டு முடிஞ்சா பி.எஃப். கிடையாது."

குடவாசலோடு நின்றுவிட்ட சட்டம் என்று நினைக்க வேண்டாம். நாச்சியார்கோவில், வலங்கைமான், நன்னிலம் என்று மில் இருக்கும் ஊரெல்லாம் இதுதான் சட்டம். மில் இல்லாத ஊரில் ஜவுளிக்கடையும் தனியார் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இதைக் காப்பாற்றி வருகின்றன. நாட்டின் மற்ற சட்டங்களை மீறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு சட்டத்தை மீறிய முதலாளியை இதுவரை பார்த்ததில்லை.

சம்பள நாளில் இது எப்படி அமலாகிறது என்று பாருங்கள். எந்த மில் என்று கேட்காதீர்கள். கேட்டால் நாலைந்து பேர் தங்களைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருவார்கள். கல்லாவுக்கு எதிரே பெரியவர் நிற்கிறார். இளவயதில் மூட்டை தூக்கியவர். பிறகு அவியல் தொட்டியில் நெல் அவித்தவர். முதுகு போனபிறகு ராக்காவலுக்கு மாற்றியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை சம்பளப் பதிவேட்டைத் திருப்பி, மைப்பெட்டியைத் தள்ளுகிறார். கட்டை விரல் மையில் அமுங்கி, பெயருக்கு எதிரே பதிகிறது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பெரியவருக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. கணக்குப்பிள்ளைக்கு மட்டும் தெரியும்.

"மொதலாளி, இந்த மாசத்துலேருந்து பி.எஃப். புடிக்கலன்னு கணக்குப்பிள்ளை சொல்றாருங்களே?"

"ஒமக்கு அம்பத்தெட்டு முடிஞ்சிருச்சு பெரியவரே. சர்க்கார் ரூலு. நான் என்ன பண்றது? ஒமக்கு லாபந்தானே, புடிக்காம முழுசா கைக்கு வருதுல்ல?"

பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போகிறார். அந்தக் கும்பிடுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சம்பளம் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். முதலாளி பங்கும் அதே 1,440. முதலாளி பங்கில் 8.33 சதவீதம், அதாவது 1,000 ரூபாய், 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதி 440 பி.எஃப். கணக்கில் சேரும். 58 வயது முடிந்ததும் நிற்பது எது? ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் அந்த 1,000 மட்டும்தான். அதுவும் முதலாளி வீட்டுக்குத் திரும்பிப் போகாது. 1,440-ம் அப்படியே தொழிலாளியின் பி.எஃப். கணக்கில் சேர வேண்டும். 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில் உறுப்பினருக்கு மேல் வயது வரம்பே கிடையாது. வேலை செய்கிறவரைக்கும் பிடித்தம் உண்டு. பிடித்தம் உள்ளவரைக்கும் முதலாளி பங்கும் உண்டு. ஆக, 58-க்குப் பிறகு பி.எஃப். கணக்கு நிற்க வேண்டியதில்லை, கொழுக்க வேண்டும்.

நம் முதலாளி செய்ததோ வேறு. பெரியவருடைய 1,440-ஐப் பெரியவர் கையிலேயே கொடுத்துவிட்டார். தான் போட வேண்டிய 1,440-ஐத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு கும்பிடும் வாங்கிக்கொண்டார். பெரியவர் இன்னும் 5 ஆண்டுகள் காவல் காத்தால், வட்டியில்லாமலே 86,400 ரூபாய். திருடன் மில்லுக்குள் வராமல் ராத்திரியெல்லாம் கண் விழித்தவருக்குக் கிடைத்த பரிசு இது. திருடனைத் தேடி அவர் மதில் சுவர் பக்கம் டார்ச் அடித்தது வீண்.

இதோடும் முடியவில்லை. பி.எஃப். உறுப்பினராக இருக்கும்வரை தொழிலாளிக்கு ஓர் ஆயுள் காப்பீடும் உண்டு. அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டாம். சம்பளத்தில் அரை சதவீதத்தை முதலாளி கட்டுவார். 12,000-க்கு 60 ரூபாய். 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தவர் பணிக்காலத்தில் இறந்தால் குடும்பத்துக்குக் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். ராக்காவலில் இருக்கும்போதே பெரியவருக்கு நெஞ்சுவலி வந்து போய்விட்டால், முதலாளி பெரிய மாலையோடு வருவார். காரியத்துக்கென்று 5,000 ரூபாய் நீட்டுவார். "என்ன மனசுய்யா" என்று தெருவே பேசும். மாதம் 60 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அந்தக் குடும்பத்தின் 2.5 லட்சத்தைக் கருக்கியவர் இவர்தான் என்பதை எந்தப் போஸ்டரிலும் போட மாட்டார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: சட்டத்தில் இரண்டு விலக்கு உண்டு. 55 வயதுக்குமேல் ஓய்வு பெற்று, பி.எஃப். பணத்தை முழுதும் எடுத்துக்கொண்டவர் மறுபடி வேலைக்குச் சேர்ந்தால் கட்டாயமில்லை. முதல்முறையாக 15,000-க்குமேல் சம்பளத்தில் சேருகிறவருக்கும் கட்டாயமில்லை. முதலாளிகளுக்கு எழுதப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இந்த இரண்டு வரி மட்டும் மனப்பாடம். சனிக்கிழமை பெரியவரை 'ஓய்வு' பெறவைத்து, பி.எஃப். பணத்தை எடுக்கும் படிவத்தில் விரலை உருட்டி, திங்கட்கிழமை அதே வாசலில் அதே தடியோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். ஓய்வு பெற்றதே தெரியாமல் ஓய்வு பெற்ற மனிதர் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா?

இதில் இன்னும் இரண்டு ஜாதி முதலாளிகள் இருக்கிறார்கள். ஒருவர் 58 முடிந்தபிறகும் மறக்காமல் மாதா மாதம் அந்த 8.33 சதவீதத்தை ஓய்வூதியக் கணக்கிலேயே போட்டுக்கொண்டிருப்பார். பெரியவர் பென்ஷனுக்கு மனுப் போடும்போதுதான் கணக்கு இடிக்கும். திருத்தக் கணக்கை முதலாளிதான் தர வேண்டும். "ஆடிட்டர் வரட்டும்" என்பார். ஆடிட்டர் வரமாட்டார், பெரியவருக்கு வயது மட்டும் வரும். இன்னொருவர் சம்பளத்தில் பிடித்துவிடுவார், கட்டமாட்டார். கடைத்தெருக் கம்ப்யூட்டர் சென்டரில் பையன் பாஸ்புக்கைத் திறந்து, திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போவான். ஏப்ரல் இருக்கும், மே இருக்கும், ஜூனிலிருந்து வெறும் வெள்ளை. "பெரியப்பா, ஒங்களுக்கு ரெண்டு வருஷமா ஒண்ணுமே ஏறலையே" என்பான். பிரிண்டுக்குப் பத்து ரூபாய் தனி.

சட்டம் 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான். ஒருமுறை சட்டத்துக்குள் வந்துவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. ஆகவே 20-ஐத் தொடாமல் இருப்பது ஒரு கலை. ஒரே மதில், ஒரே புகைபோக்கி, ஒரே களம். ஆனால் அவியல் முதலாளி பெயரில், அரவை சம்சாரம் பெயரில், தவிட்டு வியாபாரம் மாப்பிள்ளை பெயரில். மூன்று இடத்திலும் தலா 19 பேர். கிளைகளும் பிரிவுகளும் சேர்ந்து ஒரே நிறுவனம்தான் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் சட்டம் மில்லுக்குள் வரும் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அன்றைக்கு மட்டும் பாதிப் பேருக்கு லீவு. ஆண்டு முழுக்கக் கேட்டாலும் கிடைக்காத லீவு, இன்ஸ்பெக்டர் புண்ணியத்தில் கிடைக்கிறது.

இவ்வளவு துணிச்சல் முதலாளிக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறவர்கள், குடவாசல் பேருந்து நிலையத்தில் கும்பகோணத்துக்கோ திருவாரூருக்கோ பஸ் ஏறினால் போதும். டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரைக் கேளுங்கள். 1972-இல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி, பிறகு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டமானது அவர் வேலை செய்யும் கழகம். இதுவும் இதன் சகோதரக் கழகங்களும் தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தையும், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணையையும், எல்.ஐ.சி. பிரீமியத்தையும் உரிய இடத்தில் கட்டாமல் ஓட்டச் செலவுக்கு எடுத்துக்கொண்டன என்பதுதான் தொழிற்சங்கங்கள் ஆண்டாண்டாகப் படிக்கும் புகார். 2018 ஜனவரி 4 முதல் 11 வரை மாநிலம் முழுக்க பஸ் நின்றது. கழகங்கள் தொழிலாளருக்கும் ஓய்வு பெற்றோருக்கும் தர வேண்டிய பாக்கி ஏறத்தாழ 7,000 கோடி என்று சங்கங்கள் சொல்லின. பொங்கல் நெருங்கியதும் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஓய்வு பெற்றோர் நிலுவைக்கு 750 கோடி அறிவித்தார். சுமார் பத்தில் ஒரு பங்கு. பொங்கல் பானையில் பத்தில் ஒரு பங்கு அரிசி போட்டால் என்ன பொங்கும்?

2024 ஜனவரியில் மறுபடி வேலைநிறுத்தம். ஓய்வு பெற்றவர்களுக்கு 2015-இலிருந்து உயராமல் நின்ற அகவிலைப்படி அதில் முக்கியமான கோரிக்கை. 2025 ஆகஸ்டில் காத்திருப்புப் போராட்டம். ஆட்சி மாறியது, காத்திருப்பவர்கள் மாறவில்லை, சிலர் இடையில் செத்துப்போனது தவிர. எதிர்க்கட்சியாக இருக்கும்போது பந்தலில் வந்து உட்காருகிறவர்கள், ஆட்சிக்கு வந்ததும் பந்தலுக்கு அனுமதி இல்லை என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகங்களுக்கும் கொள்கை ஒற்றுமை உண்டு.

அரசின் இன்னொரு சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் அரசுப் பணியில் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். அனுபவத்தைப் பயன்படுத்துகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பிக்கொள்ளுங்கள். கொரோனாவில் கஜானா வற்றிக் கிடந்த நேரம் அது. ஓய்வுக்காலப் பணம் தருவது 2 ஆண்டு தள்ளிப்போனது. அரசுக்குப் பணமில்லாவிட்டால் 58 வயதுக்காரர் வாலிபர். முதலாளிக்கு மனமில்லாவிட்டால் அதே 58 வயதுக்காரர் கிழவர். உடம்பு ஒன்றுதான், எந்த வயது என்பதைக் கொடுக்க வேண்டியவர் முடிவு செய்கிறார். "சர்க்காரே கட்டல, நான் கட்டணுமா?" என்று மில்காரர் கேட்டால், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

ஜெயில் என்றதும் சிரிக்காதீர்கள், புத்தகத்தில் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாத முதலாளி நம்பிக்கை மோசடி செய்தவராகவே கருதப்படுவார் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-ஆவது பிரிவில் தனி விளக்கமே இருந்தது. அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 316-ஆவது பிரிவில் அது அப்படியே வந்திருக்கிறது. தண்டனை 5 ஆண்டுவரை. சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டுவரைதான். ஆக, களத்தில் காயும் நெல்லை இரண்டு மரக்கால் அள்ளிக்கொண்டு ஓடியவனைவிட, அந்தக் களத்துக்காரர் பெரிய குற்றவாளி என்று சட்டமே சொல்கிறது. நெல்லை அள்ளியவனைக் கட்டிவைத்து அடித்ததைக் கண்டிருப்போம். களத்துக்காரருக்குத் திருவிழாவில் பரிவட்டம் கட்டியதையும் கண்டிருக்கிறோம்.

பரிவட்டத்துக்கு நிகராக டெல்லியும் மரியாதை செய்கிறது. பி.எஃப். கட்டத் தாமதித்தால் விதிக்கும் அபராதம் முன்பு ஆண்டுக்கு 25 சதவீதம்வரை இருந்தது. 2024 ஜூனில் மாதத்துக்கு ஒரு சதவீதமாக இறக்கினார்கள். நம் ஊர்க் கந்துவட்டிக்காரர் இதைக் கேட்டால் மயங்கி விழுவார். அதற்கும் முன்பு, 2017-இல், விட்டுப்போன தொழிலாளரைச் சேர்க்க ஓர் இயக்கம் நடத்தினார்கள். முதலாளி தானே முன்வந்து சேர்த்தால் அபராதம் ஆண்டுக்கு ஒரு ரூபாய். எழுத்துப் பிழை இல்லை, ஒரு ரூபாய்தான். தொழிலாளியிடம் பிடிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பங்கும் தள்ளுபடி. 2025 நவம்பரில் அதே இயக்கம் மறுபடி வந்தது. இந்த முறை அபராதம் மொத்தமாக 100 ரூபாய். அரசு கடுமை காட்டவில்லை என்று யார் சொன்னது? ஒன்று எங்கே, நூறு எங்கே!

2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னொரு வரமும் தருகிறது: பாக்கி விழுந்து 5 ஆண்டு கடந்துவிட்டால் விசாரணையையே தொடங்க முடியாது. படிப்பறிவில்லாத தொழிலாளிக்குத் தன் கணக்கு காலி என்பது எப்போது தெரியும்? வேலையை விட்டு நிற்கும்போது. அதற்குள் 5 ஆண்டு ஓடியிருக்கும். ஆகவே முதலாளிமார்களே, திருடுங்கள், ஆனால் பொறுமையாகத் திருடுங்கள்.

முதலாளிக்கு இத்தனை கருணை காட்டியவர்கள், தொழிலாளிக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருமா என்பது டெல்டாக்காரனின் தலைமுறைக் கேள்வி. பி.எஃப். பணத்துக்கும் பிடிக்கிற இடம் தலைமடை, பெரியவர் கடைமடை; நடுவில் மதகுக்கு மதகு ஓர் ஆள், ஓர் ஆட்சேபம். ஆதாரை இணைக்காமல் பணம் வராது என்பது ஒரு விதி. அந்த ஆதாரைப் பிறந்த தேதிக்குச் சான்றாக ஏற்க மாட்டோம் என்பது 2024 ஜனவரியில் வந்த இன்னொரு விதி. பள்ளிக்கூடம் போகாத, பஞ்சாயத்தில் பதியாத மனிதர் பிறந்த தேதிக்கு எங்கே போவார்? பெற்ற தாயைக் கேட்டால், "அறுத்த கையோட பொறந்தான், சம்பா அறுப்பு" என்றிருப்பாள். அவளும் இல்லை. பென்ஷன் வந்தபிறகும் ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். மூட்டைச் சணலில் தேய்ந்து, அவியல் நெல்லில் வெந்துபோன விரலில் ரேகை ஏது? இயந்திரம் சிவப்பாக மினுக்கி, ஆளில்லை என்கிறது. முகத்தைக் காட்டினால் போதும் என்று பிறகு ஒரு வசதி வந்தது. அதைக் காட்ட ஸ்மார்ட்போன் வேண்டும். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடக்கிறது. 'நிதி ஆப்கே நிகட்' என்று பெயர். அது உபன்யாசமா, ஊர்வலமா என்று தெரியாமல் பெரியவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். மற்றபடி திருச்சி ஆபீஸ் இருக்கவே இருக்கிறது. மூன்று பஸ் மாறினால் போய்விடலாம்.

எல்லா மதகையும் தாண்டி வந்து சேரும் பென்ஷன் எவ்வளவு? குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது. அதற்கு முந்தைய ஆண்டே 3,000 தரலாம் என்றது பகத்சிங் கோஷியாரி தலைமையிலான நாடாளுமன்றக் குழு. 7,500 கேட்டு ஓய்வூதியர்கள் போராடுகிறார்கள். முதலாளிக்கான அபராதமே ஒன்றிலிருந்து நூறாகிவிட்டது. இந்த ஆயிரம் அசையவில்லை. ஒரு பைசாகூடக் கட்டாத ஏழை முதியோருக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆனது. அதைக் குறை சொல்ல நாக்கு கூசுகிறது, 1,200-ம் போதாதுதான். ஆனால் ஆண்டுக்கணக்காகச் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவருக்கு, கொடுக்காதவரைவிட 200 ரூபாய் குறைவு என்றால், சட்டத்துக்கு உட்பட்டு உழைத்ததற்கு இது தண்டனையா?

பென்ஷனுக்குத் தகுதி பெறத் தொழிலாளிக்கு 10 ஆண்டுச் சேவை வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினருக்கு அந்தத் தொல்லை இல்லை. முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியத்தை 25,000-லிருந்து 31,000 ஆக்கி 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. விலைவாசிக் குறியீட்டை வைத்துக் கணக்கிட்டார்களாம். டெல்லியில் விலைவாசி ஏறுகிறது. குடவாசலில் பருப்பும் மாத்திரையும் 2014 விலைக்கே கிடைக்கின்றன போலும்.

அலைந்து அலுத்து, பெரியவர் பணத்தைக் கேட்காமலே விட்டுவிட்டால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். யாரும் உரிமை கோராமல் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் பி.எஃப். தொகையை 'மூத்த குடிமக்கள் நல நிதி'க்கு மாற்ற 2015-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இடம் கொடுத்தது. மூத்த குடிமகனைப் படிவத்தால் விரட்டிவிட்டு, அவன் பணத்தில் மூத்த குடிமக்களுக்கு நலம்! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவன்கூடக் கடைக்காரனை வரவழைத்துச் சிதறுதேங்காய் பொறுக்கச் சொன்னதில்லை.

இதற்கு விமோசனம் கடினமான காரியமில்லை. முதலாளி பிடித்த பணத்தைக் கட்டாத மாதமே தொழிலாளியின் கைப்பேசிக்கு, தமிழில், "உன் பணம் வரவில்லை" என்று ஒரு செய்தி அனுப்பட்டும். பிழை முதலாளியுடையது என்றால் திருத்த அலைவதும் முதலாளியாகட்டும். பெரியவருக்குப் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, பாக்கியை ஜப்தி செய்து வசூலித்துக்கொள்ளட்டும். வசூலிக்கும் அதிகாரம் சட்டத்தில் 1952-இலிருந்தே இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் கட்டவில்லையென்றால், அமைச்சர் காரை ஜப்தி செய்து தொடங்கலாம். பிறகு மில்காரர்கள் தாங்களாகவே வரிசையில் நிற்பார்கள்.

அதுவரை, கல்லாவின் முன்னால் நிற்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் ஒரே ஒரு காரியம் செய்யலாம். "அம்பத்தெட்டுக்கு மேல கிடையாது" என்று சொன்னதும் கும்பிட வேண்டாம். "எந்தச் சட்டம், எந்தப் பிரிவுங்க மொதலாளி? அதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். நிச்சயம் எழுதித் தரமாட்டார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் விரலை மையில் அமுக்கிப் பழகியவருக்கு, தன் கையெழுத்தின் விலை மட்டும் நன்றாகத் தெரியும். அந்தத் தாள் திருச்சிக்குப் போனால் அது அவருடைய வாக்குமூலம்.